டெவன் தீவு கள ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடகோடியில் உள்ள டெவன் தீவில் 1997 முதல் செவ்வாய்ப் பயணத்துக்கான ஒத்திகைகள் நடக்கின்றன. ஆய்வும் பள்ளிப் பாடமும் உயிர்நீத்த விண்வெளி வீரர்களுக்கான அஞ்சலியும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஆசிரியர்கள், மாணவர்கள், ஆய்வாளர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

இவ்வளவு இடம் இருக்க, ஏன் டெவன் தீவு?

மூன்று காரணங்கள். முதலாவது, ஹாட்டன் பள்ளம். சுமார் 3.1 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதில் உண்டான இந்தப் பள்ளம் 20 கிலோமீட்டருக்கு மேல் அகலமானது. (பழைய நூல்களில் 2.3 கோடி, 3.9 கோடி என்றெல்லாம் இருக்கும். அவை முந்தைய கணிப்புகள்.) இரண்டாவது, இது துருவப் பாலைவனம். மழையும் பனியும் மிகக் குறைவு. மரங்கள் கிடையாது. மண்ணுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டருக்கு உறைநிலம் இருப்பதால் அரிப்பு மெதுவாகவே நடந்திருக்கிறது, பள்ளத்தின் வடிவமும் தப்பியிருக்கிறது. மூன்றாவது, ஆளில்லாத தன்மை. 55,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டெவன்தான் உலகிலேயே நிரந்தரமாக மனிதர் வசிக்காத மிகப் பெரிய தீவு. ஏதாவது உடைந்தால் கடைக்கு ஓட முடியாது. ஒத்திகைக்கு வேண்டியது அந்த நெருக்கடிதான்.

அப்படியானால் அது செவ்வாய் மாதிரியே இருக்குமா?

இருக்காது. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஈர்ப்பு விசை 38 சதவீதம். இரண்டையும் எந்தத் தீவிலும் கொண்டுவர முடியாது. டெவனில் ஓடை ஓடுகிறது, பாசி இருக்கிறது, கஸ்தூரி எருதுகள் மேய்கின்றன. ஒப்பிட முடிவது நிலவடிவங்கள், பாறைகளின் வரலாறு, மனிதர்கள் வேலை செய்யும் முறை ஆகியவற்றைத்தான். உறைநிலம் வெடித்து உண்டாகும் பலகோண வடிவங்களை டெவனில் நடந்து பார்க்கலாம். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடபகுதியில் இறங்கியபோது அதன் கால்களைச் சுற்றித் தெரிந்ததும் அதே மாதிரியான தரைதான்.

அங்கே என்னதான் ஆராய்கிறார்கள்?

கோள் ஆய்வாளர் பாஸ்கல் லீ தலைமையிலான ஹாட்டன்–மார்ஸ் திட்டம்தான் நீண்டகாலம் நடந்துவருவது. ரோவர்கள், துளைக்கருவிகள், விண்வெளி உடைகளின் மாதிரிகள் எல்லாம் அங்கே சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஆர்தர் கிளார்க் பெயரிலான பசுமைக்குடிலும் அங்கே இயங்கியது. ஆட்கள் போனபின் குடில் தன்னால் இயங்கி, தொலைவிலிருந்து வரும் கட்டளைக்குப் பயிர் வளர்க்குமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். சூரியன் மாதக்கணக்கில் உதிக்காத ஊரில் இந்தச் சோதனை முக்கியமாக மின்சாரத்துக்கான சோதனை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது பாறைகளுக்குள் இருக்கும் உயிர். மோதலின் அதிர்ச்சி, ஆழத்தில் கிடந்த நைஸ் எனப்படும் உருமாறிய பாறையை மேலே தூக்கி எறிந்ததோடு, அதைக் கல்லாகவே தோன்றாத அளவுக்கு நுண்துளைகள் நிறைந்ததாக மாற்றியது. கையில் எடுத்தால் எதிர்பார்த்த கனம் இருக்காது. உடைத்தால் மேல்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே மெல்லிய பச்சைக் கோடு தெரியும். அது ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரான சயனோபாக்டீரியா. மேலிருக்கும் கல் காற்றையும் புறஊதாக் கதிரையும் தடுக்கிறது, ஆனால் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மோதல் படாத நைஸில் அந்தக் குடியிருப்புக்கு இடமே இல்லை. எல்லாவற்றையும் அழித்த அடியே பிற்பாடு உயிருக்கு வீடு கட்டித் தந்திருக்கிறது. செவ்வாயில் எங்கே தேடலாம் என்று கேட்பவர்களுக்கு இது நேரடியான துப்பு.

2000இல் பாராசூட்டில் போட்ட வீடு உடைந்துபோனது உண்மையா?

உண்மை. மனிதர் செவ்வாய்க்குப் போக வேண்டும் என்று இயங்கும் மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு அங்கே அமைத்த இரண்டு மாடி ஆய்வு நிலையத்தின் பாகங்களை சரக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கினார்கள். ஒரு முறை சுமை பாராசூட்டிலிருந்து கழன்று விழுந்தது. தரைத்தளப் பலகைகள், பாகங்களைத் தூக்கி நிறுத்தும் கிரேன், அவற்றை ஏற்றிச்செல்லும் டிரெய்லர் எல்லாம் நொறுங்கின. மரத்தில் புதிய தளம் போட்டு, கையால் பாகங்களைத் தூக்கி நிறுத்தி, அந்த ஜூலை முடிவதற்குள் நிலையத்தை எழுப்பிவிட்டார்கள்.

திட்டமிடுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முக்கியமான கருவிகள் எல்லாவற்றையும் ஒரே சுமையில் கட்டாதீர்கள். கிரேனும் டிரெய்லரும் தனித்தனியாகப் போயிருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

எப்படிப் போவது?

ஒட்டாவாவிலிருந்து இக்காலுயிட் வழியாக, பக்கத்துத் தீவிலுள்ள ரெசலூட் என்ற சிற்றூர் வரை பயணிகள் விமானம். அங்கிருந்து ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானம். ஹாட்டன் பள்ளம் ரெசலூட்டிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஓடுபாதை என்று ஒன்று கிடையாது. சரளைத் திட்டில் பருமனான டயர்களோடு இறங்குவார்கள். கனடா அரசின் துருவக் கண்டத்திட்டுத் திட்டம் ரெசலூட்டில் நடத்தும் தளம்தான் பெரும்பாலான குழுக்களுக்கு விமானம், கிடங்கு, வானொலித் தொடர்பு மூன்றையும் ஏற்பாடு செய்கிறது.

கெடுப்பது மூடுபனி. கோடையில் கடற்பனி உருகும்போது ரெசலூட்டை நாட்கணக்கில் மூடிக்கொள்ளும். பள்ளத்தில் வெயில் அடித்தாலும் புறப்படும் இடத்தில் ஓடுபாதை தெரியாது. போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று அட்டவணையில் காலியாக விடுங்கள். திரும்பும் சர்வதேச விமானத்துக்கு மாற்றத்தக்க டிக்கெட் வாங்குங்கள். விமானியை அவசரப்படுத்தவே கூடாது. 2011 ஆகஸ்ட் 20 அன்று ரெசலூட்டில் இறங்க வந்த பயணிகள் விமானம் குன்றில் மோதி 12 பேர் இறந்தார்கள். அந்தத் துருவத் திட்டத்தின் தலைவரும் அவர்களில் ஒருவர்.

எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

ஒரு நடைக்கு ஆளும் சாமானும் சேர்த்து சுமார் 1,000 கிலோ என்று கணக்கு வையுங்கள். தூரத்தையும் எரிபொருளையும் பொறுத்து விமானி இதைக் குறைக்கலாம். குளிர் உடையோடு ஒருவர் 90 கிலோ, அவருடைய பை 30 கிலோ என்றால் ஆறு பேருக்கு 720 போய்விடும். மிச்சம் 280. ஒரு 205 லிட்டர் பெட்ரோல் பீப்பாய் மட்டுமே 170 கிலோ. அதை ஏற்றினால் உணவுக்கும் கூடாரத்துக்கும் 110 கிலோதான் மிஞ்சும். ஆக, இரண்டாவது நடை கட்டாயம், அதற்கான பணத்தையும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். நினைவுப் பலகை கொண்டுபோக விரும்புகிறவர்கள் இந்த 110 கிலோவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர் எப்படி இருக்கும்?

ஜூலையில் பூஜ்யத்திலிருந்து 10 டிகிரிக்குள். எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஈரமும் காற்றும் சேர்ந்தால் விரல்கள் அரை மணியில் வேலை செய்ய மறுக்கும். பருத்தி வேண்டாம். உள்ளே கம்பளி, நடுவே ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மேலாடை. கையுறை மூன்று ஜோடி.

உடைகளைவிடப் பொருட்கள்தான் அதிகம் கெடும். பள்ளத்தின் சுண்ணக்கல் சில்லுகள் கத்தி மாதிரி இருப்பதால் பூட்ஸின் ஓரத் தையல் முதலில் போகும், அடுத்தது கரடுமுரடான தரையில் ஓட்டும் ஏடிவி வண்டியின் டயர். பஞ்சர் பசையும் இரண்டு உபரி டயர்களும் அவசியம். கூடார முளைகள் உடைந்த கல்லில் நிற்காது. கயிற்றைச் சாக்கில் கட்டி, சாக்கில் கல்லை நிரப்புங்கள். இழைக்குழாய் வகை நீர்வடிகட்டி ஒரு முறை உறைந்தால் உள்ளே கிழிந்துவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது. இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. உலோக லித்தியம் உள்ளே படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், குறுக்குச்சுற்று அபாயமும் உண்டு.

துருவக்கரடி வருமா?

வரலாம். பள்ளம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் அடிக்கடி வராது. ஆனால் தீவைக் குறுக்கே கடக்கும் கரடி முகாம் வழியாகப் போகலாம். ரெசலூட்டைச் சேர்ந்த இனுயிட் (ஆர்க்டிக்கின் பூர்வகுடி) வழிகாட்டி ஒருவரை நியமிப்பதுதான் சிறந்த பாதுகாப்பு. கரடியின் நடையைப் பார்த்தே அது ஆர்வத்தில் வருகிறதா பசியில் வருகிறதா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

முகாமைச் சுற்றி எச்சரிக்கைக் கம்பி, முறைவைத்துக் காவல், சமையலிடம் தூங்குமிடத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி. இரவிலும் வெயில் இருக்கிறதே என்று காவலைத் தளர்த்திவிடுவது வழக்கமான தவறு. விரட்டும் வெடியைச் சுடும்போது அது உங்களுக்கும் கரடிக்கும் நடுவில் வெடிக்க வேண்டும். தாண்டிப்போய்க் கரடிக்குப் பின்னால் வெடித்தால் அது உங்களை நோக்கித்தான் ஓடிவரும். வெளிநாட்டவர் துப்பாக்கி கொண்டுவர எல்லையில் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் வழிகாட்டியின் துப்பாக்கியே போதும்.

செல்போன், இணையம்?

செல்போன் கோபுரம் கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் 75 டிகிரி அட்சரேகையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே ஆறு டிகிரிதான். டிஷ்ஷைக் கிட்டத்தட்டக் கிடையாக வைக்க வேண்டும், எதிரே ஒரு சின்ன மேடு இருந்தால்கூடத் தொடர்பு போச்சு. துருவச் சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசும் இரிடியம் போன்தான் நம்பத்தக்கது. தாழ்சுற்றுப்பாதை இணையம் வந்துவிட்டாலும் இரிடியத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். காந்த ஊசியை நம்பவேண்டாம், இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருப்பதால் அது தடுமாறும். ஜிபிஎஸ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

இரண்டு பாடங்கள் நன்றாகப் பலிக்கின்றன.

ஒன்று, தாமதப் பாடம். பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செய்தி போக, தூரத்தைப் பொறுத்து மூன்று முதல் 22 நிமிடம் ஆகும். டெவன் ஒத்திகைகளிலும் இந்தத் தாமதத்தைச் செயற்கையாகப் புகுத்துவார்கள். வகுப்பை இரண்டு அறையாகப் பிரியுங்கள். ஒரு அறையில் தீக்குச்சிகளால் செய்த ஒரு உருவம், மற்றதில் வெறும் தீக்குச்சிகள். துண்டுச்சீட்டுகளை ஒரு மாணவர் வாங்கி, ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்து பிறகு கொடுக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் நான்கு முறைதான் கேட்டுப் பதில் வாங்க முடியும். முதல் தடவை எல்லாக் குழுவும் ஒரு சீட்டுக்கு ஒரு கேள்வி எழுதித் தோற்கும். அடுத்த தடவை “இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்” என்று எழுதத் தொடங்குவார்கள். அங்கேதான் பாடம் நடக்கிறது, ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

இரண்டு, பள்ளம் தோண்டும் பாடம். பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டில் ஏழு சென்டிமீட்டருக்கு நன்றாகக் காய்ந்த ஆற்றுமணல், அதன் மேல் மெல்லிய காவிப்பொடி, அதற்கும் மேல் இரண்டு மில்லிமீட்டர் கோலமாவு. கோலிக்குண்டை 12.5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்தும் 2 மீட்டர் உயரத்திலிருந்தும் ஐந்தைந்து முறை போட்டு அகலத்தை அளக்கவும். உயரம் 16 மடங்கு கூடினாலும் அகலம் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் கூடும். அகலம் ஆற்றலின் நான்காம் மூலத்தோடு சேர்ந்து வளர்வதே காரணம். மணலில் ஈரம் இருந்தால் இந்தக் கணக்கு வராது, ஒவ்வொரு முறையும் மணலை ஒரே விதமாகக் கிளறிச் சமன்செய்யாவிட்டாலும் வராது. வெள்ளைக் கோலமாவின் மேல் காவி தெறித்துக் கதிர்களாகக் கிடப்பதைக் காட்டுங்கள். ஹாட்டனில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் ஆழத்து நைஸ் மேலே கிடப்பது இதே காரணத்தால்தான். கூடவே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கோலிக்குண்டு மணலைத் தள்ளுகிறது, உண்மையான விண்கல்லோ வெடிக்கிறது. அதனால்தான் அது சாய்வாக வந்தாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கிறது.

ஒரு அறிவியல் பயணத்தில் அஞ்சலி எதற்கு?

அங்கே ஒத்திகை பார்க்கும் விண்வெளிப் பயணம்தான் அந்த வீரர்களின் உயிரைக் கொண்டுபோனது என்பதால். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது சிதறியது. ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க், இலான் ரமோன் ஆகிய ஏழு பேரும் இறந்தார்கள். புறப்படும்போது வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்திருந்தது. அந்த ஆண்டுக் கோடையிலேயே டெவன் தீவில் அவர்கள் நினைவாகக் கல் அடையாளங்கள் எழுப்பப்பட்டன.

செவ்வாயிலும் அவர்களுக்கு இடம் உண்டு. 2004 ஜனவரியில் இறங்கிய ஸ்பிரிட் ரோவரின் ஆண்டெனாவுக்குப் பின்புறம் ஏழு பெயர்களும் பொறித்த தகடு இருந்தது. அது இறங்கிய இடத்துக்குக் கொலம்பியா நினைவு நிலையம் என்று பெயர், எதிரே தெரிந்த ஏழு குன்றுகளுக்கும் ஏழு பேரின் பெயர்கள். அவற்றில் ஒன்று சாவ்லா குன்று. தமிழ்நாடு அரசு துணிவும் சாகசமும் காட்டும் பெண்களுக்கு ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று தரும் விருதும் கல்பனா சாவ்லா பெயரில்தான்.

கல்வியோடு சேர்த்த அஞ்சலிக்கு முன்னோடி சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 28இல் அதில் இறந்த எழுவரில் கிறிஸ்டா மெக்காலிஃப் பள்ளி ஆசிரியை. அவர்களுடைய குடும்பத்தினர் அதே ஆண்டில் மாணவர்களுக்கான சேலஞ்சர் மையத்தைத் தொடங்கினார்கள். விண்வெளியிலிருந்து அவர் நடத்தவிருந்த பாடங்களில் சிலவற்றை, ஆசிரியர்களாக இருந்து விண்வெளி வீரர்களான ஜோ அகாபாவும் ரிக்கி ஆர்னால்டும் 2018இல் விண்வெளி நிலையத்தில் செய்துகாட்டினார்கள். பெயரைக் கல்லில் வெட்டுவதைவிட, பாதியில் நின்ற பாடத்தை எடுத்து நடத்துவதுதான் பெரிய அஞ்சலி என்பது எங்கள் உறுதியான கருத்து.

நாங்களும் ஒரு நினைவுச் சின்னம் வைக்கலாமா?

அனுமதியோடு, ரெசலூட் மக்களைக் கேட்ட பிறகு வைக்கலாம். அந்த மண்ணில் முதலில் இருப்பது அவர்களுடைய நினைவுகள். 1953லும் 1955லும் கனடா அரசு, கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்தும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் இனுயிட் குடும்பங்களை ரெசலூட்டுக்கும் கிரைஸ் ஃபியோர்டுக்கும் கொண்டுவந்து விட்டது. பழகாத இருட்டிலும் பசியிலும் அவர்கள் பட்ட பாட்டுக்கு 2010இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஊர்களிலும் அந்த நினைவுக்குச் சிலைகள் இருக்கின்றன. ரெசலூட் சிலையின் முன்னால் நின்று பார்க்காமல் யாரும் டெவனுக்கு விமானம் ஏற வேண்டாம்.

இனுக்சுக் எனப்படும் கல் அடையாளங்கள் வழியையும் வேட்டையிடத்தையும் காட்டப் பயன்பட்டவை. கண்ட இடத்தில் ஒன்றை நிறுத்தினால் பயணியைத் தவறான வழியில் அனுப்பிவிடும். எங்கே, எந்த வடிவில் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும், முடிந்தால் அவர்களே கட்டட்டும்.

கல் எடுக்குமிடத்தில்தான் பெரிய தவறு நடக்கும். பழைய கடற்கரை மேடுகளில் வட்டமாகக் கிடக்கும் கற்கள், இனுயிட் மக்களின் முன்னோரான துலே மக்கள் கூடாரத்தை அழுத்திவைத்தவை. பார்க்க வெறும் கல் மாதிரி இருக்கும், தொட்டால் சட்டப்படி குற்றம். ஆரஞ்சு நிறப் பாசிப்படலம் படர்ந்த கல்லையும் விட்டுவிடுங்கள். அந்தப் படலம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

கட்டும் இடம் பாறை அல்லது நீர் வடியும் சரளையாக இருக்கட்டும். வண்டல் மண்ணில் குளிர்காலத்தில் பனிப்படலங்கள் உருவாகி, கல்லை ஆண்டுக்கு ஆண்டு தூக்கிச் சாய்த்துவிடும். அடிக்கல் அகலமாக, உயரம் ஒன்றரை மீட்டருக்குள். சிமெண்ட் வேண்டாம், குளிரில் அது இறுகாது, இறுகினாலும் உறைந்து உருகி வெடிக்கும். ஒவ்வொரு கல்லும் மூன்று புள்ளிகளில் உட்கார வேண்டும். ஆடினால் சிறு கல்லை உள்பக்கமிருந்து ஆப்பாகச் செருகுங்கள். வெளியிலிருந்து செருகியது உறைந்து உருகும்போது வழுக்கி வந்துவிடும். பலகை என்றால் துருப்பிடிக்காத எஃகில் பொறித்த எழுத்து. வண்ணம் பூசிய எழுத்தைக் காற்றில் பறக்கும் மணல் தேய்த்துவிடும். ஜிபிஎஸ் புள்ளியை அனுமதி தந்தவர்களுக்குக் கொடுங்கள்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

டெவன் தீவு நுனாவுட் பிரதேசத்தில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நுனாவுட் ஆய்வு நிறுவனத்தின் உரிமம், திட்டமிடல் ஆணையத்தின் ஒப்புதல், சுற்றுச்சூழல் தாக்கப் பரிசீலனை, கூட்டாட்சி அரசின் நிலப் பயன்பாட்டு அனுமதி, இனுயிட் மக்களுக்குச் சொந்தமான நிலம் என்றால் கிகிக்தானி இனுயிட் சங்கத்தின் அனுமதி. தண்ணீர் எடுப்பதற்கு நீர் வாரியம் தனி. விண்ணப்பச் சுருக்கத்தை இனுயிட் மொழியான இனுக்டிடுட்டிலும் தரவேண்டியிருக்கும், மொழிபெயர்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகும்.

கழிவு?

கொண்டுபோனதெல்லாம் திரும்ப வர வேண்டும். பாத்திரம் கழுவிய நீருக்கான குழி, நீர்நிலையின் வழக்கமான உயர்நீர்க் கோட்டிலிருந்து 31 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். எரிபொருள் பீப்பாய்க்குக் கீழே கசிவுத் தட்டு, பக்கத்தில் உறிஞ்சு பொருள். உறைநிலத்தில் சிந்திய டீசல் ஆழத்துக்கு இறங்காமல் பக்கவாட்டில் பரவி, அடுத்த கோடையில் ஓடைக்கு வந்துசேரும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு?

2024 நவம்பரில் இஸ்ரோ லடாக்கின் லே பகுதியில் இதே மாதிரி ஒத்திகை ஒன்றைத் தொடங்கியது, 2025இல் சோ கர் ஏரிப் பக்கம் இன்னொரு நிலையம் அமைக்கப்பட்டது. ஆர்க்டிக்தான் வேண்டும் என்றால் ஸ்வால்பார்டில் 2008 முதல் இயங்கும் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. அதை நடத்துவது கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம்.

டெவனுக்கே போவதென்றால் எப்போது தொடங்க வேண்டும்?

அடுத்த ஜூலைக்குப் போக, இந்த ஆண்டு செப்டம்பருக்குள் ரெசலூட்டின் சமூக அமைப்புகளுக்கு முதல் கடிதம் போயிருக்க வேண்டும். விமான வசதிக்கான விண்ணப்பம் இலையுதிர் காலத்தில், உரிமங்கள் குளிர்காலத்தில், கனடா விசா பிப்ரவரிக்குள். பீப்பாய்களைப் பனி உருகும் முன்னரே வசந்தத்தில் இறக்கிவிட்டால் கோடையில் ஒரு நடை மிச்சம்.